பிறவி எழுத்தாளர்களுக்கு ஒரு கும்பிடு

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூர் இலக்கியக் கூட்டத்தில் நடந்தது இந்நேரம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். சிறப்பு விருந்தினர் பெயரை நான் சொல்லப்போவதில்லை, வீடியோதான் ஊரெல்லாம் சுற்றுகிறதே. "எழுதி எழுதிப் பார்க்கிறேன் சார், நடை சரியா வரலை, என்ன செய்யலாம்?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். "அது பிறவியிலேயே வரணும்மா. வரலைன்னா நல்ல வாசகியா இருந்துட்டுப் போங்க" என்றார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுத்து பழகினால் வரும். பழகாமல் யாருக்கும் வந்ததில்லை.

உடனே பாரதியை இழுத்துக்கொண்டு வருவீர்கள். 11 வயதில் 'பாரதி' பட்டம் வாங்கினாரே என்பீர்கள். வாங்கினார். அதற்குள் எத்தனை பாட்டு கட்டிப் பழகியிருப்பார் என்று யோசித்தீர்களா? 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தவர் அவர். அந்த உரைநடை மேசையில் உட்கார்ந்து உழைத்து வந்தது. நம்ம ஊரில் பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) வேலையையும் பார்த்துக்கொண்டு பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதித் தள்ளிய சுஜாதா? கெடு நெருங்கினால் பிறவித் திறமையா வந்து பக்கத்தை நிரப்பும்?

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' பாட்டை எல்லாரும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். பிறவிக் குணம் என்று அது சொல்வது நட்பு, தயை, கொடை மூன்றை மட்டும்தான். அன்று மேடையில் இருந்தவருக்கு அதில் எது வாய்த்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் படித்த பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். அம்மாதான் பழைய வார இதழ்களை வைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார். என் முதல் கதையை ஒரு சிற்றிதழ்க்காரரிடம் நேரில் கொடுத்தேன். ஒரு பக்கம் படித்துவிட்டு, "பெங்களூர்த் தமிழா?" என்று சிரித்தார். அப்புறம் வெகுநாள் பேனாவைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு எச்.ஏ.எல். (விமானத் தொழிற்சாலை) மாமா அதே கதையை வாங்கி, பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக் கொடுத்தார். "ஒரு வாக்கியத்துல மூணு 'போல' எதுக்குடா?" எனக்குக் கிடைத்த ஒரே எழுத்துப் பயிற்சி வகுப்பு அதுதான்.

பழகினவனெல்லாம் எழுத்தாளன் ஆகிவிடுவானா? ஆகமாட்டான், சரி. ஆனால் யார் ஆவார் என்று மேடையிலிருந்தே முகம் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? பிள்ளைக்குப் பாட்டு என்றால் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று வருஷக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிறோம். எழுத்து மட்டும் தொப்புள்கொடியோடு வர வேண்டுமாம். 'அப்போ கம்பனையும் பயிற்சியில் உண்டாக்கலாமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. கூட்டத்தில் அந்தப் பெண் கேட்டது நடைக்கு ஒரு வழி. கம்பனின் நாற்காலியை யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அலமாரி நிறையப் புத்தகமும், பக்கத்தில் உட்கார்ந்து பாடல் சொல்லித்தர ஒரு தாத்தாவும் வாய்த்தவர்கள் அதை ரத்தத்தில் வந்தது என்று கணக்கெழுதிக்கொள்கிறார்கள். ஸ்ரீராமபுரத்தில் சினிமா போஸ்டரைப் பார்த்து எழுத்துக்கூட்டிய பிள்ளை எந்த ரத்தத்துக்குப் போவது? விருந்தினருக்கு டிக்கெட் போட, ரூம் போட, சால்வை போர்த்த, புத்தகம் வாங்க மட்டும் நாங்கள் வேண்டும். எழுத என்றால் பிறவி சரியில்லை.

"அவர் வேடிக்கையாச் சொன்னதைப் பெரிசாக்காதே" என்று கமெண்ட் போடப்போகும் நண்பர்களே, தாராளமாகப் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்குச் சால்வைக் காசு கேட்டு மட்டும் என் வீட்டுப் பக்கம் வந்துவிடாதீர்கள்.