சோல்ஷேர் பயிற்சி அனுபவம் இல்லாமல் வந்தவர் அல்ல

"1999 கோலைக் காட்டியே மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் ஆனார், அதற்கு முன் ஒன்றுமே ஜெயித்ததில்லை" என்று ஓலே குன்னர் சோல்ஷேரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். (1999 கோல் என்பது ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் யுனைடெட்டுக்காக அவர் அடித்த வெற்றி கோல்.) இது தவறு.

நார்வே கால்பந்து வீரரான சோல்ஷேர் 2007-இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு யுனைடெட்டின் ரிசர்வ் (இரண்டாம் நிலை) அணிக்குப் பயிற்சி கொடுத்தார். 2011-இல் நார்வேயின் மோல்டே கிளப்பின் பொறுப்பை ஏற்றார். 1911-இல் தொடங்கிய அந்த கிளப்புக்கு நூறு ஆண்டுகளில் கிடைத்த முதல் லீக் பட்டம் அந்த வருடம்தான் வந்தது. 2012-இல் மறுபடியும் லீக், 2013-இல் நார்வே கோப்பை. இதை எப்படி "ஒன்றுமே இல்லை" என்பது?

வேல்ஸின் கார்டிஃப் கிளப்பில் சறுக்கினார், உண்மைதான். 2014 ஜனவரியில் அங்கே பொறுப்பேற்றார். அணி இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகிலிருந்து கீழே இறங்கியது, செப்டம்பரில் வெளியேறினார். 2015-இல் மோல்டேவுக்கே திரும்பினார். நார்வேயின் நட்சத்திர முன்கள வீரர் எர்லிங் ஹாலண்ட் அங்கே வளர்ந்தது இவர் கையில்தான்: 2018 ஜூலையில் பிரான் அணிக்கு எதிராக முதல் 21 நிமிடங்களில் 4 கோல்!

யுனைடெட்டிலும் முதலில் தற்காலிகப் பொறுப்புதான், 2018 டிசம்பரில். முதல் 8 ஆட்டங்களையும் வென்று, பாரிஸில் பிரெஞ்சு கிளப்பான பி.எஸ்.ஜி.யை (பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன்) 3-1 என வீழ்த்திய பிறகே, 2019 மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். அங்கே கோப்பை எதுவும் வெல்லவில்லை என்று விமர்சியுங்கள், அது நியாயம். மோல்டேவில் செய்ததை அழிக்காதீர்கள்.