304 எஃகு குளிரில் எப்போதும் காந்தமற்றதாக இருக்காது

கடுங்குளிரில் பயன்படும் எஃகு பற்றிய உங்கள் கட்டுரையில் '304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தில் ஒட்டாது, அதனால் திரவ ஹீலியத்தில் இயங்கும் மீகடத்திக் காந்தங்களுக்கு (மின்தடையே இல்லாத சுருள்கள்) அது போதும்' என்ற வரி மட்டும் இடிக்கிறது.

304-இல் சுமார் 18% குரோமியம், 8% நிக்கல். இந்த நிக்கல் அளவு ஆஸ்டெனைட் என்ற காந்தமற்ற படிக அமைப்பைத் தாங்கிப் பிடிக்கிறது, ஆனால் விளிம்பில்தான். வெறுமனே குளிர்வித்தால் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆனால் திரவ நைட்ரஜனில், அதாவது -196 டிகிரியில், இழுத்தோ வளைத்தோ பாருங்கள்: ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற கடினமான, காந்தத்தன்மையுள்ள அமைப்பாக மாறி காந்தத்தில் ஒட்டத் தொடங்கும். வீட்டு சிங்க்கின் வளைந்த மூலையில் காந்தம் லேசாக ஒட்டுவதும் இதே மாற்றத்தால்தான், அங்கே குளிர்கூடத் தேவைப்படவில்லை. அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. பல நூறு டிகிரி சூடாக்க வேண்டும். கனஅளவும் சுமார் 2% கூடுவதால் துல்லியமான பாகங்களில் அளவு பிசகும்.

பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் இணைவு உலையின் பெரிய காந்தச் சுருள் உறைகளுக்கு 316எல்என் என்ற வேறொரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையை எடுத்தது ஏன் என்பது இதனால்தான் புரிகிறது. கூடுதல் நிக்கலும் நைட்ரஜனும் ஆஸ்டெனைட்டை 4 கெல்வினிலும் (சுமார் -269 டிகிரி, திரவ ஹீலியத்தின் குளிர்) நிலைநிறுத்துகின்றன, நைட்ரஜன் வலிமையையும் கூட்டுகிறது.

அதற்காக 304-ஐ ஒதுக்க வேண்டியதில்லை. சிதையும்போது நடக்கும் இந்த மாற்றமே உலோகத்தை இறுக்கி, ஒரே இடத்தில் மெலிந்து அறுவதைத் தள்ளிப்போடுகிறது. திரவ நைட்ரஜன் தொட்டிகளுக்கு அது நல்ல தேர்வுதான். சரி, பற்றவைப்பில் உருவாகும் டெல்டா ஃபெரைட் (குளிரில் எளிதில் நொறுங்கும் இன்னொரு படிக அமைப்பு) பற்றி அடுத்த பகுதியில் எழுதுவீர்களா? கடுங்குளிரில் விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.