காதை வீட்டில் வைத்துவிட்டு வரணுமா?

ஒரு ஜோடி ஸ்பீக்கர். அவ்வளவுதான் கேட்டேன். ஹோம் தியேட்டர் வேண்டாம், தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு கச்சேரி நிம்மதியாகக் கேட்கணும். இதற்கு ஏன் இத்தனை பாடு?

கடைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிடுகிறார்கள். "எவ்ளோ வாட்ஸ் எதிர்பார்க்கறீங்க சார்?" கேட்க வந்தது நான், கேள்வி போனது பக்கத்தில் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு. அவருக்கு எஃப்எம் ரேடியோவே போதும். நான் சென்சிடிவிட்டி எவ்வளவு, அதாவது ஒரே பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்று கேட்டேன். அதற்கும் பதில் அவரைப் பார்த்துத்தான் வந்தது: "சவுண்டு சூப்பரா இருக்கும் சார்."

அடுத்து டெமோ. எந்த ஹை-ஃபை கடைக்குப் போனாலும் அதே அமெரிக்க ராக் பாட்டு, கைதட்டலோடு கிட்டார் தொடங்கும் அதே லைவ் பதிவு. இந்தத் தொழிலுக்கே அதுதான் கடவுள் வாழ்த்து போல. பிரமாதமாகப் பதிவு செய்த பாட்டு எந்த டப்பாவிலும் பிரமாதமாகத்தான் கேட்கும்! என் பென் டிரைவைக் கொடுத்து, மிருதங்கத் தனி ஒன்றைப் போடச் சொன்னேன். அரை நிமிஷம்கூட ஓடவில்லை, நிறுத்திவிட்டார். "இது பழைய ரெக்கார்டிங் மேடம், இதுல ஸ்பீக்கரோட கெபாசிட்டி தெரியாது."

ஐயா, நான் வீட்டில் கேட்கப்போவது இதைத்தானே!

உண்மையில் எல்லாம் தெரிவதே இதில்தான். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி இழுக்கும்போது ஸ்வரம் வழுக்கி மேலே ஏறுவது தெரியணும். மட்டமான ஸ்பீக்கரில் எல்லாக் கும்கியும் ஒரே ‘தொம்’. வலது பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற அடி கணீரென்று வந்து உடனே அடங்கணும். காதைக் கிழிக்கக் கூடாது. பின்னால் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கணும், மிருதங்கம் ஏறினதும் காணாமல் போகக் கூடாது. அரை நிமிஷத்தில் நான் இதில் எதைப் பிடிப்பது?

இதையெல்லாம்விட எனக்குப் பற்றிக்கொண்டு வருவது, ரெண்டு ஜோடி ஸ்பீக்கரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும் அந்த ஸ்விட்ச் பெட்டி. பட்டனைத் தட்டினால் ‘ஏ’, இன்னொரு தட்டில் ‘பி’. "பாருங்க மேடம், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்." தெரியாமல் எப்படி? ஒன்றின் சென்சிடிவிட்டி 90 டெசிபெல், மற்றது 84. ஆம்ப்ளிஃபயர் வால்யூமைத் தொடாமல் மாற்றினால் முதலாவது 6 டெசிபெல் சத்தமாகப் பாடும். இரண்டாவதை அந்த அளவுக்குக் கொண்டுவர நான்கு மடங்கு பவர் வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலே ‘இதுதான் நல்லா இருக்கு’ என்று காது சொல்லிவிடும். அது காதின் இயல்பு. செல்போனில் இருக்கும் சவுண்டு மீட்டர் ஆப்பை வைத்து இரண்டையும் சமமாக்கலாம் என்றேன். சிரித்தார். "அதெல்லாம் காதே சொல்லிடும் மேடம்." என் காதைக் கட்டிப்போட்டுவிட்டு இந்தப் பேச்சு!

விலைச்சீட்டைப் பார்த்தால் கண்ணும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்று இரண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1994-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், அதுவும் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்திலேயே. ஒரே ஸ்பீக்கர்களை, திரைக்குப் பின்னால் வைத்தபோது ஒரு மாதிரியும் கண்ணெதிரே வைத்தபோது வேறு மாதிரியும் மார்க் போட்டார்கள் கேட்டவர்கள். திரை இருந்தவரை நல்ல மார்க் வாங்கிய சின்ன, விலை குறைந்த செட், கண்ணில் பட்டதும் கீழே இறங்கிவிட்டது. முப்பது வருஷம் ஆகியும் நம்ம கடைகளில் ஒரு திரைச்சீலை மாட்ட முடியவில்லை.

ஸ்பீக்கரின் விவர அட்டையைப் படித்துத் தேறலாம் என்றால் அது அடுத்த கூத்து. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் மேல் பிஎம்பிஓ (ஒரு நொடித்துளி உச்சத்தில் கிடைப்பதாகச் சொல்லும் பவர்) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு ஏமாற்றினார்கள். இப்போது நாகரிகமாக, ஸ்பீக்கர் தரும் ஒலியின் எல்லை ‘45 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை’. எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று போடாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அந்த 45 ஹெர்ட்ஸில் சத்தம் பத்து டெசிபெல் சரிந்து கிடந்தாலும் அட்டையில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

சரி, கடையில் நன்றாகவே கேட்டது என்று வையுங்கள். அங்கே தரையில் கார்ப்பெட், சுவரெங்கும் பஞ்சு பேனல். என் வீட்டு ஹாலில் டைல்ஸ், கான்கிரீட், ஒரு ஸ்டீல் பீரோ. கை தட்டினால் ‘ணங்’ என்கிறது. 12 அடி நீள அறை, கிட்டத்தட்ட 47 ஹெர்ட்ஸில் தானே கும்மென்று முழங்கும். மூலையில் தள்ளி வைத்தால் இன்னும் மோசம். அதனால்தான், முன்பணம் தருகிறேன், ரெண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "டிஸ்ப்ளே பீஸ் வெளிய போகாது மேடம். பாக்ஸ் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது." லட்சத்தைத் தொடும் விலைக்கு இந்த நிபந்தனை! நூறு ரூபாய் செருப்பைக்கூடப் போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து கேபிள் கேட்லாகை நீட்டினார். ஸ்பீக்கரே இன்னும் வாங்கவில்லை! மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் வெட்டிக் கொடுப்பார்கள்.

ஒரு திரை, சத்தம் சமமாக்கிய ரெண்டு ஜோடி, என் பென் டிரைவ், பக்கத்தில் யாரும் பேசாத அரை மணி நேரம். இதைத் தருகிற கடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.