தீராத வயிற்றுவலி

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியராக இருந்தபோது, தற்கொலைச் செய்தி எதையும் திருத்தாமல் கழிந்த இரவுகள் மிகக் குறைவு. காவல் நிலையத்தில் கேட்டு எழுதி அனுப்பப்படும் அந்தச் செய்திகளுக்கென்றே ஒரு வார்ப்பு இருந்தது. ஊர், பெயர், வயது, கணவர் பெயர். பிறகு ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார், பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை, இதனால் மனமுடைந்து’ என்று ஒரு நீண்ட வாக்கியம். கடைசியில் ‘போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்’. மொத்தம் ஆறு வரி. பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டப்படுவதும் அதுவே.

ஏன் எல்லோருக்கும் வயிற்றுவலி என்று ஒருநாள் மூத்த செய்தியாளர் ஒருவரிடம் கேட்டேன். யாரையும் குற்றஞ்சாட்டாத காரணம் அது ஒன்றுதான் என்றார். பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை மாலைக்குள் வாங்கியாக வேண்டும். திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகாத பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை வரும், கடன் என்று சொன்னால் கடன் கொடுத்தவன் பகையாவான், குடும்பச் சண்டை என்று சொன்னால் இரண்டு வீட்டாரும் மருத்துவமனை வாசலிலேயே அடித்துக்கொள்வார்கள். வயிற்றுவலி என்று எழுதிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரு மனிதரின் கடைசி ஓராண்டை ஒற்றைச் சொல்லுக்குள் மடித்து வைத்துவிடும் அந்தப் பழக்கம் செய்தித்தாளோடு நிற்கவில்லை. நம்முடைய சிந்தனையே அந்த ஆறு வரி வார்ப்பில்தான் ஓடுகிறது. தேர்வில் தோற்றான், அதனால், காதல் கைகூடவில்லை, அதனால், கடன், அதனால். இந்த ‘அதனால்’ என்ற சொல்லின் மீதுதான் எனக்குச் சண்டை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் அந்த ஆண்டு தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். அந்த அறிக்கையும் காரணங்களைக் கட்டம் கட்டமாகவே அடுக்குகிறது. ‘குடும்பப் பிரச்சினைகள்’ 31.7 விழுக்காடு, ‘நோய்’ 18.4 விழுக்காடு. குடும்பப் பிரச்சினை என்ற அந்தக் கட்டத்துக்குள் குடியும் அடியும் வட்டியும் சந்தேகமும் சாதியும் ஒன்றாகக் கிடக்கின்றன என்பது ஆறு வரிச் செய்தி எழுதியவனுக்குத் தெரியும். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள் என்ற தகவலும் அதே அறிக்கையில் இருக்கிறது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நாம் காட்டும் பதற்றம் நியாயமானதே. அதில் ஒரு துளியைக்கூட இந்தக் கூலித் தொழிலாளர்களுக்காக நாம் காட்டியதில்லை.

தேர்வில் தோற்ற லட்சம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் மறுநாள் எழுந்து பல் தேய்த்து, திட்டு வாங்கிக்கொண்டு வாழத்தான் செய்கிறார்கள். கடன் பட்டவர்களும் அப்படித்தான். எனவே தோல்வியோ கடனோ தனியாக ஒருவரைக் கொல்வதில்லை. ஏற்கெனவே நெடுநாளாகத் தூக்கமில்லாமல், சோற்றில் ருசி இல்லாமல், தான் எல்லோருக்கும் பாரம் என்ற நினைப்பு உள்ளுக்குள் ஊறிப்போய்க் கிடக்கும் ஒருவர் மீது புதிதாக ஓர் அவமானம் வந்து விழும்போது, வேறு வழிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. வழிகள் இல்லாமல் இல்லை. வலி மிகும்போது பார்வை குறுகிவிடுகிறது. அவர் கேட்பது பெரும்பாலும் சாவை அல்ல, இந்த வேதனைக்கு ஓர் ஓய்வை. சாக வேண்டும் என்ற எண்ணமும் யாராவது தடுக்கமாட்டார்களா என்ற ஏக்கமும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருக்கும். இதைக் கோழைத்தனம் என்று தீர்ப்பு எழுதுபவர்களையும் வீரம் என்று கவிதை எழுதுபவர்களையும் நான் ஒரே தட்டில்தான் வைக்கிறேன்; இருவருமே அந்த மனிதரைப் பார்க்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் என் பெரியம்மா மகளுக்கு நேர்ந்துகொண்டிருந்ததை நான் பல மாதங்கள் கவனிக்கவில்லை. அக்கா இரண்டு குழுக்களில் கடன் எடுத்திருந்தார். ஒன்றுக்குத் தவணை வியாழக்கிழமை. குழுவில் ஒருவர் பணம் கட்டாவிட்டால் வசூலுக்கு வந்தவர் எழுந்து போகமாட்டார்; மற்ற பெண்கள் அத்தனை பேரும் கட்டாதவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தானின் குடியைப் பற்றி இங்கே எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை. அக்கா ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, சின்னவளின் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று சொன்னார். எனக்கு எதற்கு அது? மறுவாரம், பாட்டி கொடுத்த மூக்குத்தியை என் மனைவிக்குக் கொடுத்தனுப்பினார். மாதக்கணக்கில் புலம்பியவர் அந்த வாரம் புலம்பவும் இல்லை, குரல் தெளிவாக இருந்தது. வீட்டில் எல்லோரும் அக்கா கொஞ்சம் தேறிவிட்டார் என்று நிம்மதி அடைந்தோம். அந்தத் திடீர் அமைதியும் ஓர் எச்சரிக்கையாக இருக்கக்கூடும் என்று எங்கோ படித்திருந்தது அன்றிரவு நினைவுக்கு வர, விடியற்காலைப் பேருந்தில் கிளம்பிப் போனேன்.

அடுப்படியில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன்: “அக்கா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நம் வீடுகளில் நம்புகிறார்கள். அது உண்மையில்லை, கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை, பெரும்பாலும் அதன் கனம் குறைகிறது என்பதுதான் இதுவரையான ஆய்வுகள் காட்டுவது. அக்கா உடனே உடைந்து அழவில்லை. “ஏன் தம்பி காலங்காத்தால இப்படிக் கேக்கிற” என்றார். டீ போட்டார். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு மாதமாகத் தோன்றுகிறது என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளை நினைத்துப் பார் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிள்ளைகளை நினைத்து நினைத்துத்தான் அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவர் பேசி முடிக்க மதியம் ஆனது.

அதன்பின் செய்தவை எல்லாம் மிகச் சாதாரணமானவை. அந்த இரவு அவரைத் தனியாக விடவில்லை. ஆபத்தானவை என்று தோன்றியவற்றை, அவருக்குச் சொல்லிவிட்டே, வீட்டிலிருந்து அப்புறப்படுத்தினோம். மறுநாள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். ‘போய்ப் பாருங்கள்’ என்று சொல்வதற்கும் உடன் போய் வரிசையில் நிற்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

அப்புறப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘சாக நினைத்தவர் எப்படியும் செத்துப்போவார்’ என்பது பெரும் பொய். உயிரைப் பறிக்கும் அந்த உந்துதல் பலருக்கு மிகக் குறுகிய நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாவிட்டால் அலை தணிந்துவிடுகிறது. இலங்கையில் 1995இல் லட்சம் பேருக்குச் சுமார் 47 என்ற அளவில் தற்கொலை விகிதம் இருந்தது, உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்த நாடு படிப்படியாகத் தடை செய்த பிறகு அது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. போரும் வறுமையும் அப்படியே இருந்த ஆண்டுகளிலேயே அந்தச் சரிவு தொடங்கிவிட்டது. நம் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களிலும் சென்னை சினேகா அமைப்பினர், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் பெட்டியில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு அது. தோற்ற பிள்ளைகள் ஓராண்டு காத்திராமல் உடனே எழுதும் துணைத் தேர்வுக்காகக் குரல் கொடுத்தவர்களும் அவர்களே. ஒரு பூட்டு, ஒரு மறுதேர்வு. பேருரைகளை விட இவை அதிக உயிர்களைக் காத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

முயன்று பிழைத்தவர்களை நாம் நடத்தும் விதம் இன்னும் மோசம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இருந்தும் ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்து உண்மையை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அதைப் பற்றிப் பேசாமல் மூடி வைப்பதே மரியாதை என்று நினைக்கிறோம். முன்பு ஒருமுறை முயன்றவருக்கே ஆபத்து மிக அதிகம் என்பதால் அந்த மௌனம் அவரைத் திரும்பவும் தனியே விட்டுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பிழைத்து வந்த ஒரு பிரிவினரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 விழுக்காடு. ஒன்பது விசாரிப்புகள்! நாம் மழைக்கும் விளையாட்டுக்கும் அனுப்பும் குறுஞ்செய்திகள் எத்தனை?

இதைப் படிக்கும்போது உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றினால், இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். நாளும் நேரமும் குறித்துவிட்டீர்கள் என்றால் இப்போதே சொல்லுங்கள். தெரிந்தவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், தமிழ்நாடு அரசின் 104, சினேகா 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. அவசரம் என்றால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள்.

அக்கா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், ஒரு குழுக் கடன் முடிந்துவிட்டது, இன்னொன்று நடக்கிறது. வியாழக்கிழமை மாலையில் நான் அழைப்பேன். மறந்தால் அவரே அழைத்து “என்ன, ஆளையே காணோம்” என்பார். மனநலப் பிரிவில் அவரைப் பார்த்த இளம் மருத்துவர், நாங்கள் யாரும் கேட்காத இன்னொரு கேள்வியையும் கேட்டிருந்தார்: உடம்பில் வலி ஏதும் உண்டா? ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள் இருந்தன. காப்பீட்டுத் திட்ட அட்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு ஆண்டுகளாக அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார். அன்று நான் பேருந்து ஏறாமல் இருந்திருந்தால், எங்கள் ஊர்ச் செய்தியாளர் எழுதியிருக்கக்கூடிய அந்த ஆறு வரியில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருந்திருக்காது.