ரவா தோசைக்கு எதற்கு ஓடிபி?

காலை ஏழரை மணி. திருச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அகோரப் பசி. கூடவே அப்பா. அவருக்குச் சுகர், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். புதிதாகத் திறந்திருந்த ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, "என்னப்பா இருக்கு?" என்று சர்வரிடம் கேட்டேன். மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தைக் காட்டி, "ஸ்கேன் பண்ணிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

சரி என்று ஸ்கேன் செய்தேன். மெனுவா வந்தது? கடையின் லோகோ வந்து சுற்றோ சுற்றென்று சுற்றியது. அப்புறம் நான் இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டது. யோவ், உன் கடையில், நாலாம் நம்பர் மேசையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்! அடுத்து, நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா? பிறகு மொபைல் நம்பர். ஓடிபி. பிறந்த நாள். கல்யாண நாள்கூட! இட்லிக்கும் என் கல்யாணத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? பசி கொடுமையில் எல்லாவற்றையும் கொடுத்துத் தொலைத்தேன்.

அதற்குப் பரிசாக ஒரு ராட்டினம். சுற்றினால் 'அடுத்த முறை வரும்போது 10% தள்ளுபடி'. வேண்டாம் என்று ஒதுங்கப் பார்த்தால் அந்த பட்டனில், 'பரவாயில்லை, எனக்கு முழு விலை கொடுக்கத்தான் பிடிக்கும்' என்று நக்கல் வேறு. அதையும் அழுத்தினேன். 'எங்கள் பயணம்' என்று வீடியோ ஓடியது. விறகடுப்பு, பாட்டி, வாழைத்தோப்புக்கு மேலே ட்ரோன். அந்தப் பாட்டி இட்லிப் பானையைத் திறப்பதற்குள் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். ஹோட்டலுக்குள் உட்கார்ந்துகொண்டு பிஸ்கட்!

என் மச்சான் ஒருவன் கடைகளுக்கு இந்த மாதிரிப் பக்கங்களைச் செய்து கொடுக்கிறான். கேட்டால், "ஆப்பை யாரும் டவுன்லோட் பண்றதில்ல மாமா, அதான் லிங்க்லயே ஆப் மாதிரி கொடுக்கறோம். கஸ்டமர் நம்பர் கைக்கு வந்துடும், பிராண்டும் மனசுல நிக்கும்" என்கிறான். நிற்கிறது தம்பி, நன்றாகவே நிற்கிறது. இனி அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

க்யூஆர் குறியீட்டை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கொண்டுவந்தது கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்வதற்காக. இப்போது உதிரி பாகம் நாம்தான்.

இதைக் கேட்க ஆளில்லை என்றும் இல்லை. பில் போட மொபைல் நம்பர் கொடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. அதே வருடம் நவம்பரில், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றி இழுக்கும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். 'வேண்டாம்' என்பவனைக் கூச வைக்கும் பட்டனும் அதில் ஒன்று. தடை பாட்டுக்குத் தடை, ராட்டினம் பாட்டுக்கு ராட்டினம்.

கடைசியில் மெனு வந்தது. எழுத்து எறும்பு அளவு, அதுவும் முழுக்க ஆங்கிலம். அப்பாவிடம் இருப்பதோ பட்டன் போன். தனியாக வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? வாசலில் ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் நாலு வரி. அதற்கு என்ன கேடு?

பொறுக்க முடியாமல் சர்வரைக் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்க தம்பி" என்றேன். "இட்லி, வடை, பொங்கல், பூரி, கிச்சடி, ரவா, ஆனியன் ரவா, நெய் ரோஸ்ட்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார். நாலு விநாடி ஆகியிருக்குமா?

தோசை நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பதினோரு மணிக்கு புதுக்கோட்டை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. 'உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்! எப்போ வர்றீங்க?'

சாப்பிட்டது இன்னும் செரிக்கவே இல்லையடா!