அலைகள் குறைந்தால் அதிர்வெண்ணும் குறையுமா?

"மெல்லிய உருளை ஓட்டில் சுற்றளவு அலைகள் குறைவாக உள்ள வடிவத்துக்குத்தான் மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண், முதல் இரண்டு வடிவங்களைக் கணக்கிட்டாலே போதும்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. உருளை ஓடு என்றால் குழாய், டப்பா போன்ற மெல்லிய சுவருள்ள உருளை; சுற்றளவு அலைகள் என்றால் அது அதிரும்போது அதன் சுற்றில் எழும் அலைகள்; இயல்பு அதிர்வெண் என்றால் தட்டிவிட்டால் அது தானாகவே அதிரும் வேகம். தவறு. அலை குறைந்தால் அதிர்வெண் குறையும் என்பது உத்திரத்துக்குச் சரி, ஓட்டுக்கு இல்லை. ஓடு அதிரும்போது அதன் பரப்பு நீளவும் செய்யும், வளையவும் செய்யும். அலைகள் கூடக் கூட நீட்சி ஆற்றல் இறங்கிக்கொண்டே போகும், வளைவு ஆற்றலோ ஏறும், இரண்டும் சேர்ந்து எங்கே மிகக் குறைவோ அங்கேதான் மிகக் குறைந்த அதிர்வெண், அது 5 அலையிலும் வரலாம், 10-லும் வரலாம். ஆர்னால்டு, வார்பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1949-லேயே இதை விளக்கிவிட்டார்கள். ஓடு மெலிய மெலிய, மிகக் குறைந்த அதிர்வெண் வரும் அந்த அலை எண்ணிக்கை கூடும், நீளம் கூடினால் குறையும். அப்புறம், இதைக் கணினியில் கணக்கிடும்போது சுற்றளவை நாலைந்து துண்டுகளாகப் பிரித்து நிறுத்திவிடாதீர்கள், 8 அலை வடிவம் அதில் சிக்கவே சிக்காது.