0.1 தானே!

கடல் அமிலமாகிவருவது பற்றிய நேற்றைய பதிவில் அந்தக் கமென்ட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "கடலோட பி.எச். 8.2-லேர்ந்து 8.1 ஆச்சாம். வெறும் 0.1-க்கா இவ்ளோ ஒப்பாரி?" கூடவே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அதற்கு லைக் போட்டவர்களில் என் நண்பர்களும் உண்டு. இருக்கட்டும்.

0.1 சின்னது இல்லை சார். பி.எச். என்பது அமிலத்தன்மையை அளக்கும் மடக்கைக் கணக்கு; எண் குறையக் குறைய அமிலம் கூடும். 1 குறைந்தால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு. 0.1 குறைந்தாலே சுமார் 26 சதவீதம் கூடுதல். தொழிற்புரட்சிக்குப் பிறகு நடந்தது இதுதான்.

நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. நீரோடு சேர்ந்து அது கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த அயனி சும்மா இருக்காது; கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடும். சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேடுவது அதே கார்பனேட்டைத்தான். 2000களின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் சிப்பிக் குஞ்சுகள் பொரிப்பகத்திலேயே கொத்துக் கொத்தாகச் செத்தன. ஆழத்திலிருந்து மேலே வந்த அமிலத்தன்மை கூடிய நீர், முதல் ஓட்டைக் கட்டவே விடவில்லை. கடைசியில் தொட்டி நீரில் சோடியம் கார்பனேட் கலந்துதான் குஞ்சு வளர்த்தார்கள். கடலுக்கு யார் கலப்பது?

அப்பா ஐசியுவில் இருந்தபோது நுரையீரலால் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ள முடியவில்லை. ரத்தத்திலும் அதே கார்பானிக் அமிலம்தான். 7.35-க்குக் கீழே போகக் கூடாத பி.எச்., ரிப்போர்ட்டில் 7.2. அதைப் படித்ததும் டாக்டர் நர்ஸைக் கூப்பிட்ட வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு" என்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. அன்று வாசலில் என்னோடு உட்கார்ந்திருந்தவரும் நேற்று லைக் போட்டிருக்கிறார்.

"கடல் நடுநிலையான 7-க்கு மேல இருக்கே, இன்னும் காரம்தானே?" என்பீர்கள். காரம்தான். அப்பாவின் 7.2-ம் 7-க்கு மேல்தான்.

இதற்கெல்லாம் கடலடி எரிமலைதான் காரணம் என்று ஒருவர் கிளம்பினார். உலக எரிமலைகள் எல்லாம் சேர்ந்தாலும் நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. அடுத்த ஆள் வரலாம்.

"ஆதியிலும் இப்படி நடந்திருக்கே?" நடந்தது, 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன். பல ஆயிரம் ஆண்டுகளாக மெதுவாகச் சேர்ந்த கார்பனுக்கே ஆழ்கடல் நுண்ணுயிர் இனங்கள் ஏராளமாக அழிந்தன. நாம் அதைவிட வேகமாகக் கொட்டுகிறோம்.

"நீ என்ன பெரிய விஞ்ஞானியா?" என்று இன்பாக்ஸில் கேட்டவருக்கு: இல்லைங்க. ஹவாய் பக்கம் அலோஹா என்ற ஆய்விடத்தில் 1988 முதல் கடல்நீரை மொண்டு அளக்கிறவர்கள் விஞ்ஞானிகள். அவர்களுடைய பி.எச். கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது. சண்டையை அவர்களிடம் போடுங்கள், என்னை விடுங்கள்.